தொப்பிக்குப் பிடித்த காசு

மார்ச்சில் நான் சொன்ன வாக்கியம்:
"இவர் எங்கள் ஆளல்ல."
கம்பனி வக்கீல் சிங்களத்தில் சொன்னதை
மருதவீரனுக்குத் தமிழில் சொன்னேன்.
கூட்டாமல், குறைக்காமல்.
அதற்குத்தான் சம்பளம்.

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
அவன் தலையை ஆட்டினான்.
நட்டஈட்டு விசாரணை அறை சின்னது.
ஜன்னலுக்கு வெளியே லீக்ஸ் ஏற்றிய லொறி ஒன்று
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருந்தது.

ஹக்கலை வீதியில் ஏழு மாடி ஹோட்டல்.
கட்டுவது கொழும்புக் கம்பனி.
கம்பனியிடம் கொந்தராத்து எடுத்தவர் கண்டிக்காரர்.
அவரிடம் பூச்சுவேலை மட்டும் எடுத்தவர் ராகலைப் பிரான்சிஸ்.
பிரான்சிஸிடம் நாட்கூலிக்கு
அக்கரப்பத்தனை மருதவீரன்.
ஐந்தாம் தட்டில் சாரப் பலகை ஈரம்.
கட்டுக்கம்பி துரு.
இடுப்பெலும்பு, இடது தொடை,
பெயர் சொல்லத் தெரியாத இன்னும் சில.

அன்று பின்னேரம் தொடங்கி
பிரான்சிஸின் போனை ஒரு பெண்குரல் எடுக்கிறது,
மூன்று மொழியிலும் மரியாதையாக.

ஒக்டோபரில் மாவட்ட நீதிமன்றம்.
பெரோஸா மர்சூக், காசு வாங்காத சட்டத்தரணி,
கவலையீனம் என்று
கம்பனி மேலேயே வழக்குப் போட்டிருந்தார்.
மறுபக்கம் எழுந்தது அதே வக்கீல்,
கோட்டில் அதே சோக்குத்தூள்:
"தலைமைக் கொந்தராத்துக்காரரும்
சட்டத்தின் கண்ணுக்குத் தொழில்தருநரே.
ஆகவே இவர் எங்கள் ஆள்.
ஆகவே நட்டஈட்டுக்கு மேலே
ஒரு சதம் கேட்கவும் இங்கே இடமில்லை."

வாயைத் திறந்தேன்.
பதினெட்டு வருசத்தில் முதல் தடவை
தமிழ் வரவில்லை.
நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
சொன்னேன்:
"நீங்க அவங்க ஆளாம்."

"எப்ப இருந்துங்க?"
என்று கேட்டான் மருதவீரன்.

கேட்டதையெல்லாம் பெயர்க்க வேண்டும், விதி.
பெயர்த்தேன்.
பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
சிரிப்புப் பதிவில் ஏறாது.

தவணை போட்ட பிறகு,
வாசல் படியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது
பெரோஸாவிடம் கேட்டேன்:
உண்மையில் சட்டம் மறிக்கிறதா, இல்லையா?
"ஆளில்லை என்றால் அங்கே காசு இல்லை.
ஆள் என்றால் இங்கே வழக்கு இல்லை.
ரெண்டில் ஒன்றை அவர்கள் தெரிவுசெய்ய வேண்டும்.
ரெண்டையும் ஒரே வாயால் சொல்லலாமா என்பதுதான்
இப்போ கேள்வி.
மார்ச் மாதப் பதிவேட்டை வரவழைக்கச் சொல்லியிருக்கேன்.
வெல்லுவேன் என்று சொல்லமாட்டேன்."

அந்த ஒரே வாய்க்கு
இரண்டு முறையும் நாக்காக இருந்தது
நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.
அவருக்குத் தெரியும்.

"விழுறப்ப ஒரு தட்டும் பிடிக்கலீங்க,"
பஸ்ஸைப் பார்த்தபடி மருதவீரன் சொன்னான்,
"மேல ஏறிக் கேக்கப் போனா மட்டும்
தட்டுக்குத் தட்டு ஒருத்தர் நிக்கிறாரு."
பிறகு காற்சட்டைப் பையிலிருந்து
ஷொப்பிங் பையில் சுற்றிய ஒரு துண்டு எடுத்தான்.
எட்டாய் மடித்த கடுதாசி.
கம்பனி முத்திரை, நீல மை.
மஞ்சள் தொப்பிக்குப் பிடித்த காசு.

இந்த மலையில் ஒரு காலத்தில்
துண்டில்லாமல் தோட்டம் மாற முடியாதாம்.
கடன் எவன் பேரில் என்பதில்
அன்றைக்கும் எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

பெரோஸா அதை வெளிச்சத்தில் பிடித்தார்.
இரண்டு முறை வாசித்தார்.
"இதைப் பெயர்த்து, உறுதிப்படுத்தித் தாங்க,"
என்று என்னிடம் நீட்டினார்.

இரவு. மேசை. ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு.
பாதுகாப்புத் தொப்பி, ஒன்று.
ரூபாய் எண்ணூற்றைம்பது.
எமது ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது.

'எமது' என்பதில் பேனை நின்றது.
அகராதி தேவையில்லை, தெரிந்த சொல்.
எடுத்துப் பார்த்தேன்.
கூட்டாமல், குறைக்காமல் எழுதினேன்.

அடுத்த தவணை ஜனவரி பத்தொன்பது.