அளவுத்திட்டம்

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு
காட்பாடி இரண்டாவது பிளாட்பாரத்தில்
ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
தலைக்கு அடியில் சணல் கட்டிய அட்டைப்பெட்டி,
ஒரு செருப்பு காலில், இன்னொன்று கக்கத்தில்.
என் கையில் இருந்தது கிராஃப் தாள் மட்டும்தான்.
வரைந்தேன்.
பாகாயம் பஸ் போனது.
அடுத்ததும் போனது.
முழங்கை மட்டும் சரியாக வரவில்லை.

முதல் பீரியட் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்.
வலப்பக்கத்தில் ஒரே ஒரு துருவம் விழுந்தால் போதும்,
மொத்த அமைப்பும் தறிகெட்டுப் போகும் என்றார் சார்.
எழுதிக்கொண்டேன்.
எழுதிய வரிக்குப் பக்கத்தில்
அவர் சாக்பீஸ் பிடித்த விரலையும் போட்டுக்கொண்டேன்.
வெள்ளிக்கிழமை இன்டர்னல்.
வியாழக்கிழமை படகு.

தவக்களை என்று அதற்குப் பெயர் வைத்தவன் தணிகைவேல்.
நாலடி பிவிசி குழாய் இரண்டு,
நடுவில் டிபன் டப்பாவுக்குள் மூளை.
கோட்டை அகழியில் நீந்திப் போய்
தண்ணீரில் இன்னும் எவ்வளவு மூச்சு மிச்சம் என்று
அளந்து சொல்ல வேண்டும்.
கிளப் தொடங்கும்போது பதினாலு பேர்.
அனுமதிக் கடிதத்துக்கு மூன்றாம் முறை அலைந்தபோது
நானும் ரிஸ்வானாவும் தணிகையும்.
மற்றவர்கள் வாட்ஸ்ஆப் குழுவில்
கட்டைவிரலாக இருக்கிறார்கள்.

குடியாத்தம் திரும்பும் பாசஞ்சரில்
நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன்.
"இன்னாடி, கண்ணு உள்ள பூந்துக்கினு கீது?"
என்றாள் அம்மா.
குழாய் ஒழுகுது என்றேன்.
எந்தக் குழாய் என்று அவள் கேட்கவில்லை.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவள்
மறுநாள் தைல பாட்டிலில்
கொஞ்சம் பசையோடு வந்தாள்.
"தடவி ஆற வுடு. அப்பால ஒட்டு.
அவசரப்பட்டா புட்டுக்கும்."

ஆறவிட நேரம் கிடைத்தது
இடது குழாய்க்கு மட்டும்.

வியாழன், மூன்று மணி.
அகழிச் சுவரில் கைவைக்க முடியாத வெயில்.
செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்:
"பொம்ம போட்டா? எவ்ளோ நேரம் ஓடும்?"
தெரியல அண்ணா என்றோம்,
மூன்று பேரும் ஒரே குரலில்.
போனது. பத்தடி போனது.
பிறகு வலப்பக்கம் சாய்ந்து
அதே இடத்தைச் சுற்ற ஆரம்பித்தது,
தொலைத்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி.
ரிஸ்வானா வீடியோ எடுப்பதை நிறுத்தவில்லை.
தணிகை ரிமோட்டை இறக்கவில்லை.
எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும்.
அந்தச் சுற்றை வரைய
பைக்குள் காகிதம் துழாவினேன்.
கிராஃப் தாளைக் காணோம்.

ஐந்து மணிக்கு ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்தது.
ஆறாம் சோதனை, மோட்டாரின் வேகம்.
வளைகோடு இருக்க வேண்டிய இடத்தில் அவர்.
அட்டைப்பெட்டி. கக்கத்துச் செருப்பு.
சரியாக வராத முழங்கை.
அதன் மேலேயே சிவப்பு மையில் கையெழுத்து,
பத்துக்கு ஆறு,
ஓரத்தில் பொடி எழுத்தில்:
அளவுத்திட்டம் எழுதவில்லை.

பார்த்துத்தான் போட்டாரா, தெரியாது.
போய்க் கேட்கவும் இல்லை.

நனைந்த டப்பா லேப் ஜன்னலில் காய்கிறது.
நாளைக்குப் பரீட்சை, இரண்டு யூனிட் தொடவே இல்லை.
பாசஞ்சர் நாற்பது நிமிஷம் தாமதம் என்கிறது ஒலிபெருக்கி,
மூன்று மொழியிலும் வருந்திவிட்டு.
அதே பிளாட்பாரம். ஆள் இல்லை.
பெஞ்சில் உட்கார்ந்து
தாளின் வலது மேல்மூலையில் எழுதுகிறேன்:
எக்ஸ் அச்சில் ஒரு சென்டிமீட்டர்,
ஒரு ரயில் கடக்கும் நேரம்.
ஒய் அச்சு,
அவர் எழுந்ததும் கேட்டு எழுத வேண்டும்.