தகுதி வழக்கு

இரவு பதினொன்றே காலுக்குப் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும்.
மேசையில் இரண்டு செய்திகள்.
இரண்டும் ஒரே ராஜகால்வாய்க் கரையில் நடந்தவை,
ஒரே மழையில்.

முதலாவதில்
நீலத் தார்ப்பாய் போட்ட முப்பத்தொரு வீடுகள்.
ஆக்கிரமிப்பு அகற்றம் என்று தலைப்பு வைத்தேன்.
இரண்டாவதில்
கால்வாய்க்கு மேலேயே கார் நிறுத்தும் தளம் போட்ட
கண்ணாடிக் கட்டடம்.
அதற்கும் அதே சொல்லைப் போட்டேன்.
நியாயம் பார்த்தல்ல, சோம்பலில்.
எபனேசர் சார் சிரித்தபடி அடித்தார்:
"வரைபட விலகல்னு போடுப்பா,
கோர்ட்ல வழக்கு இருக்கில்ல."

சிவாஜிநகர் பள்ளியில், எட்டாம் வகுப்பில் படித்தது.
சுடுகாட்டை நன்காடு என்றால் மங்கலம்.
வெளிக்குப் போனவன் கால் கழுவி வந்தான் என்றால்
இடக்கரடக்கல்.
தட்டார் பொன்னைப் பறி என்றால் குழூஉக்குறி.
மூன்றும் சேர்ந்தது தகுதி வழக்கு.
யாருடைய தகுதி என்று ஒருவரும் கேட்கவில்லை,
இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

மறுநாள் மதியம் தொலைபேசியில் ஒரு குரல்.
"முனிரத்தினம்மா பேசுறேன் சார்.
படத்துல பச்சைக் குடத்தோட நிக்கிறது நான்தான்.
பையன் படிச்சுச் சொன்னான்.
ஆக்கிரமிப்புன்னா என்னா சார்?"

அடுத்தவர் இடத்தை வலிய எடுத்துக்கொள்வது என்றேன்.

பஸ் ஹாரன். யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம்.

"வலியல்லாம் எடுக்கல சார்.
முப்பதாயிரம் குடுத்தோம்.
கவுன்சிலர் ஆளு கயிறு போட்டு அளந்து விட்டான்.
எலக்‌ஷன் முடியிற வரைக்கும்
எங்களுக்கு மக்கள்னுதான் பேரு."

பிறகு,
"பக்கத்துல அந்தக் கண்ணாடிக் கட்டடம் இருக்கே,
அதுக்கு என்னா பேரு போட்டீங்க?"

விலகல் என்றேன்.

"விலகலா?
அது எங்க சார் விலகுச்சு?
அங்கயேதான் நிக்குது."

திருத்தம் போடலாமா என்று கேட்டேன் எபனேசர் சாரை.
ஆக்கிரமிப்பு என்ற சொல்லில் என்ன தப்பு என்றார்.
தப்பில்லைதான்.
இரண்டுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை,
ஒருவருக்கு மட்டும் மாட்டிவிட்டோம்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
டீ வந்தது, குடித்தோம்.

வேலை முடிந்து கம்மனஹள்ளி போய்ச் சேரும்போது
ஒன்றரை மணி.
எங்கள் வீட்டு மாடிப்படி
பொதுச்சந்தில் முக்கால் அடி இறங்கி நிற்கிறது.
கட்டி ஒன்பது வருடம்.
எதிர்வீட்டு நசீமா தன் ஸ்கூட்டரை
அன்றுமுதல் சாய்த்துத்தான் திருப்புகிறாள்.
அதற்கு எங்கள் வீட்டில் பெயர்
"கொஞ்சம் இழுத்துக் கட்டினது."

கடைசிப் படியில் உட்கார்ந்து
ஷூவின் முடிச்சை அவிழ்க்கிறேன்.
கால் இருப்பது
சந்தில்.