அரைப் புள்ளி பாக்கி

ஜூன் முடிய இன்னும் ஒன்பது நாள்.
பதிவைப் புதுப்பிக்க எனக்கு
இரண்டரைப் புள்ளி குறைகிறது.
அதனால்தான் இந்தச் சனிக்கிழமை
ஈரத்துணியை மெஷினுக்குள் அப்படியே விட்டுவிட்டு
பரமட்டாவில் ஒரு மூன்றாம் மாடியில்,
தற்கொலை எண்ணத்தை நேரே கேட்பது எப்படி என்ற வகுப்பில்
வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாறு வருசமாக நேரேதான் கேட்கிறேன்.
ஒருமுறை தவிர.

பெயரட்டையில் சுகிர்தாவை சுக்ரிதா ஆக்கியிருந்தார்கள்.
திருத்தப் போனால் பிஸ்கட் தீர்ந்துவிடும்.

மெரிடித் நல்ல மனுசி. பலகையில் எழுதுகிறாள்.
நோட்டில் நான் தமிழில் இறக்குகிறேன்:
எண்ணம், திட்டம், வழி, நாள்.
எண்ணத்தை அடித்துவிட்டு யோசனை என்று மாற்றினேன்.
"ஒரே யோசனையாக் கிடக்கு பிள்ளை" என்று
என்னிடம் வருகிறவர்கள் சொல்வார்கள்.
அது கவலை. சிலவேளை கவலையைவிடப் பெரிசு.
அறிக்கையில் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது
அவர்கள் எல்லோரும் தத்துவவாதிகள் ஆகிவிடுகிறார்கள்.

பிறகு சோடி சேர்த்தார்கள்.
எனக்கு லாக்லன். உரிமம் வாங்கி எட்டு மாதம்,
பேனா மூடியில் பல் அடையாளம்.
எனக்கு வந்த துண்டுச்சீட்டு:
'ஆண். ஐம்பத்திரண்டு. லாரி ஓட்டுபவர்.
கேட்டால் முதலில் மறுக்கவும்.'

லாரிக்காரனாகத்தான் தொடங்கினேன்.
நெடுஞ்சாலை, தூக்கமின்மை, பிரிந்துபோன மனைவி
என்று இரண்டு நிமிசம் நன்றாகவே ஓட்டினேன்.
அப்புறம் என் வாய் தானாகச் சொன்னது:
"போன கிழமை பக்கத்து வீட்டுக்காரனுக்கு
ஏணியைத் திருப்பிக் குடுத்திட்டன்."

ஏணி சீட்டில் இல்லை.

ஏணி இன்னொருவருடையது.
அவர் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை,
வயதையும், எந்தச் சந்தியில் இருந்தார் என்பதையும்.
ஏணியை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.
ஏழு வருசம் இரவலாக வைத்திருந்ததாம்.
"இனி ஒருத்தருக்கும் கடன் இல்லை" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
மணி நாலு ஐம்பது, வெளியே அடுத்த ஆள் இருமினார்.
அடுத்த செவ்வாய் அந்த நாற்காலி காலி.
அதற்கடுத்த மாதம்
மரண விசாரணை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்.

லாக்லன் தன் கேள்விப் பட்டியலைப் பார்த்தான்.
பிறகு அதைக் கவிழ்த்து வைத்தான்.
"ஏன் இப்போது கொடுத்தீர்கள்?" என்றான்.
நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை.
மற்ற மேசைகளில் எல்லோரும் நடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஏசி ஒருமுறை நின்று மறுபடி உறுமியது.
"உயிரை விடுவதைப் பற்றி எண்ணுகிறீர்களா?"
பாதியில் குரல் உடைந்தது அவனுக்கு,
ஆனால் கேள்வியை முழுசாகக் கேட்டு முடித்தான்.

மறுக்க வேண்டும். சீட்டில் இருக்கிறது.
"ஓம்" என்றேன்.

அவனுக்குத் தமிழ் தெரியாது.
எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
நாற்காலியை மட்டும் கொஞ்சம் முன்னே இழுத்தான்.

மெரிடித் மணி அடித்தாள். தேநீர்.

கடைசியில் கருத்துப் படிவம்.
'இன்று புதிதாக என்ன கற்றீர்கள்?' மூன்று கோடு இடம்.
வாகனம் நிறுத்த வசதி போதாது என்று
முதல் கோட்டில் எழுதினேன்.
மற்ற இரண்டும் அப்படியே இருந்தன.
சான்றிதழில் பார்த்தால் இரண்டு புள்ளிதான்.
தேநீர் நேரத்தைக் கழித்துவிட்டார்களாம்.

வீட்டில் துணி மணத்துப் போயிருந்தது.
மறுபடி சோப்புப் போட்டுச் சுற்றவிட்டேன்.
நாற்பத்தெட்டு நிமிசம் என்று காட்டியது.
மடிக்கணினியைத் திறந்து
நடப்பில் இருக்கிற இருபத்தொரு கோப்பையும் எடுத்து,
யார், எதை, யாரிடம்
அண்மையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று
ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன்.

ஆறாவதில் ஒருவர்
நாய்க்குட்டியைத் தங்கை வீட்டில் விட்டிருக்கிறார்.
வேலை மாற்றம் என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை, இரவு எட்டரை.
எண்ணை அழுத்துகிறேன்.