அருகாமை

முட்டிக்குள் இரண்டு திருகாணிகள்.
ஐந்து மாதங்களுக்குப் பின் வட்டக்கானல் சரிவில்
கைத்தடி முதலில், பிறகு வலது கால்,
பிறகு கொஞ்சம் வசவு.

காலைப் பிடித்துக்கொண்டு
"மடக்க முயற்சிக்கலாமா?" என்ற பிசியோதெரபிஸ்ட் தம்பியை
பல்லைக் கடித்தபடியே திருத்தியவள் நான்:
"முயலலாமா."
டிஸ்சார்ஜ் சீட்டில் 'எழும்பு முறிவு'.
படுத்தவாக்கில் அதையும் சுழித்தேன்.

மஞ்சள் பலகை அதே இடத்தில்:
'அருவி அருகாமையில்'.
பெனடிக்டாவிடம் ஒவ்வொரு முறையும் சொல்வேன்,
அருகாமை என்றால் அருகில் இல்லாமை,
எழுதியவரைப் பள்ளத்தில் தள்ளலாம் என்று.
ஒவ்வொரு முறையும் அவள் ஃபிளாஸ்கைத் திறப்பாள்.

இன்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் வருகிறது
மூடுபனிக்கு அந்தப் பக்கமிருந்து.
யூகலிப்டஸ் வேர்கள் படிப்படியாய் இறங்குகின்றன.
முட்டி எண்ணிப் பார்த்து
ஏழாவது வேரில் மறுத்துவிட்டது.

பலகையில் இருப்பது சரிதான், என்றேன்.

பெனடிக்டா சிரிக்கவில்லை.
டீயில் நனைத்த பிஸ்கட் உடைந்து விழ
அதற்காக மட்டும் "அய்யோ" என்றாள்.
வளைவில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்களாம்.

"அதில் என்ன பிழை?"

"நடந்து வந்து பார்."