எந்த இல்லை

கோணத்தில் மூன்றாம் மாடி. ஏசி பழுது.
ஜன்னலைத் திறந்தால்
ஆரல்வாய்மொழியில் ஆலைகளுக்குப் போக மிஞ்சிய காற்று
மேஜைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறது.

கோடுக்குள் தேடித் தரும் கருவிகள் பதினொன்று.
ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு.
குறிப்புகளுக்கு மதிப்பெண் போட எனக்குச் சம்பளம்.
வாசித்துவிட்டுக் கருவியை எடுக்கப்போவது ஒரு ஏஐ ஏஜென்ட்.
அதற்குப் பக்கத்து இருக்கை கிடையாது,
'எலே ஸ்டெல்பின், இது எப்பிடி ஓடும்?' என்று
டீக்கு இறங்கும்போது கேட்டுவிட.
எழுதியிருப்பதுதான் அதற்குப் பூமி.
எழுதாமல் விட்ட பள்ளங்களை
அது பயமே இல்லாமல் மண்போட்டு நிரப்பும்.

முதல் கருவி: 'பொருத்தமான முடிவுகளைத் தரும்.'
என்ன பொருத்தம், பத்தில் எத்தனை?
ஒன்று போட்டேன்.

நான்காவது நல்லது.
'கோப்பின் பெயர் தெரிந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம்'
என்று ஒரு வரி.
தன்னால் ஆகாததைத் தானே சொல்லும் குறிப்பை
மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதே அபூர்வம்.
ஐந்து போட்டு
ஒரு கை ஏத்தங்காய் சிப்ஸ் தின்றேன்.

ஏழாவது பார்க்க லட்சணம்.
அட்டவணை, எடுத்துக்காட்டு, எழுத்துப்பிழை கிடையாது.
கடைசி வரி:
'கிடைக்காவிட்டால் வெற்றுப் பட்டியல் திரும்பும்.'
நான்கின் மேல் விரல் போய்விட்டது.
எதற்கும் ஓடவிட்டுப் பார்ப்போம் என்று நிறுத்தினேன்.

ஏஜென்ட் கேட்டது: தேதியைத் திருத்தும் ஃபங்ஷன் உண்டா?
வந்தது இரண்டு அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை.
அது நம்பியது. புதிதாக ஒன்று எழுதிக்கொண்டது.
அடுத்த வேலையில் மறுபடி கேட்டது, மறுபடி எழுதியது.
மத்தியானத்துக்குள் ஆறு.
பழையது அங்கேயேதான் இருந்தது.
கருவி அந்த ஃபோல்டரை இன்னும் படித்து முடிக்கவில்லை.
படித்து முடிக்காததற்கும் வெற்றுப் பட்டியல்,
அனுமதி இல்லாததற்கும் வெற்றுப் பட்டியல்,
நிஜமாகவே இல்லாததற்கும் அதே.

ஜூலையில் குளச்சலில் 'மீன் இல்ல' என்றால்
விசைப்படகெல்லாம் தடையில் கிடக்கிறது என்று பொருள்.
ஜனவரி விடியலில் சொன்னால்
வள்ளம் வரவில்லை, கொஞ்சம் நில்லுங்க.
பத்து மணிக்குச் சொன்னால் விற்றுப்போச்சு.
விஜிலா சொன்னால்,
ஓலையின் அடியில் நெய்மீன் வால் தெரிய,
உனக்கு இல்லை.
ஒரே சொல்தான். முகத்தைப் பார்த்து நாங்கள் பிரித்துக்கொள்வோம்.

குறிப்பை எழுதியது ரெஜினி.
பேறுகால விடுப்பில் கருங்கலில் இருக்கிறாள்.
போன் போட்டேன்.
'படிச்சு முடிக்கல்லன்னா சும்மாத்தான் வரும்,
அது எல்லாவருக்கும் தெரியுமே.'
எல்லாவரும்னா?
'நாங்க நாலு பேரு.'
பின்னால் பிள்ளை கரைகிறது.
'பசியா, உறக்கமா, வயித்து வலியா,
ஒரு எழவும் வெளங்கல்ல, பெறவு கூப்பிடுகேன்.'

இரண்டு போட்டேன்.
காரணக் கட்டத்தில் எழுதினேன்:
எந்த இல்லை என்று சொல்லவில்லை.

அதோடு விட்டிருக்கலாம்.
கை சும்மா இருக்காமல் குறிப்பில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்:
'வெற்றாக வந்தால், படித்து முடித்தாயிற்றா என்று முதலில் கேள்.'
மறுபடி ஓடவிட்டேன்.
ஏஜென்ட் கேட்டது. நாற்பது நொடி காத்திருந்தது.
பார்வதிபுரம் பாலத்தில் ஒரு லாரி ஏறி இறங்கும் நேரம்.
பிறகு கண்டுபிடித்தது,
ஒன்றல்ல, ஏழு.
பழையதும், தான் எழுதிய ஆறும்,
ஒரே பெயரில், ஒரே தோரணையில்.

எந்த வரிசையில் தரும் என்று குறிப்பில் தேடுகிறேன்.
ஏஜென்ட்டும் அதே பக்கத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.
காற்று என் தாளில் ஒன்றை
ஜன்னல் வரை கொண்டுபோய் வைத்திருக்கிறது.