இரண்டாம் கியர்

பஞ்சிகாவத்தையில் ஷட்டர்கள் இறங்கிய பிறகு
ஷாபி நானாவின் தேத்தண்ணிக் கடை மட்டும்
ஒற்றை டியூப் லைற்றில் விழித்திருக்கும்.
வியாழன் இரவு. எங்கள் நீதிமன்றம்.
வழக்கு எப்போதும் அதே வழக்கு:
சேற்றுக்கும் மலைக்கும் எந்த பைக் ராசா?

"பாஜா" என்றான் ஹில்மி,
அதற்கு மேல் கதையே இல்லை என்பதுபோல்
பிளேன்டீயைக் கவிழ்த்து வைத்து.
ஆந்தைக் கண்ணாய் இரண்டு பெரிய லைற்று.
கழற்றிப் பூட்டினால் மிஞ்சுகிற ஆணிகூட
இந்தத் தெருவிலேயே கிடைக்கும்.
"நக்கிள்ஸ்ல உன்ட கேடிஎம் நிண்டா
ஒஸ்ட்ரியாக்கா கோல் எடுக்கப் போற?"

மலித்துக்குக் கோபம் வந்தால் தமிழ் நன்றாக வரும்.
எடை, சஸ்பென்ஷன், தரையிலிருந்து உயரம்
எல்லாம் தசமம் பிசகாமல் சொன்னான்.
நுகேகொடைக் கராஜ் ஒன்றில்
பதினொரு நிமிடம் அதில் உட்கார்ந்திருக்கிறான்.
ஸ்டார்ட் பண்ண விடவில்லை.
அந்தப் பதினொரு நிமிடத்தை
நான்கு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறான்.
"பதினஞ்சு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒயில் மாத்தோணும்,
அது பைக்கில்லையடா, கைக்குழந்தை" என்றான் துஷாந்தன்.

துஷாந்தனின் கட்சி ஜெபல்.
பதினேழு லீற்றர் ராங்கியை
வேறு யாரும் வாயால் தொடக்கூடாது.
பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் கிடந்த அந்த வருடம்
பொரளை ஷெட்டில் நிரப்பி
கிளிநொச்சி போய்ச் சேர்ந்த பிறகும்
ஆட்டினால் உள்ளே சளக் என்றதாம்.
சளக் என்கிற இடத்தில்
ஒவ்வொரு முறையும் கண்ணை மூடுவான்.

நான் செரோ ஓட்டுகிறேன்.
ஜப்பானில் ஒரு மலையாட்டின் பெயர் அது.
"அது கேர்ள்ஸ்ட பைக்" என்றான் ஹில்மி,
வழக்கம்போல, ரோல்ஸைக் கடித்துக்கொண்டு.
"சரிஞ்சா நானே தனியத் தூக்குவன்" என்றேன்.
"உங்களில ஆர் தூக்குவீங்கள்?"
மூவரும் சீனிப் போத்தலைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மழை.
கொழும்பு மழைக்கு முன்னுரை கிடையாது.
நானா கதிரைகளை மேசைமேல் ஏற்றும்போது
தெரு கணுக்கால்வரை வந்துவிட்டது.
கேஸ் கேபிள்கள், வாழைப்பழத் தோல்,
யாரோ கழற்றிய ஒரு மட்கார்ட்
எல்லாம் மருதானைப் பக்கம் மிதந்தன.

ஹில்மி செல்ஃபை அமுக்கினான்.
டிக்.
திரும்பவும் டிக்.
உதைக்க அதற்குக் கிக்கர் இல்லை.
ஆந்தைக் கண்கள் மஞ்சளாகி
மெல்ல அணைந்தன.
யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான்.
சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம்.

பிறகு தள்ளினோம்.
மலித் தன் வெள்ளைச் சப்பாத்தோடு,
துஷாந்தன் கரியர் பிடித்து,
நான் இடுப்பால் முட்டுக்கொடுத்து,
மருதானைப் பாலத்து ஏற்றத்தில்
நூற்று முப்பது கிலோ ஜப்பானை.
த்ரீவீல்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து வேகம் குறைத்து
"பல்சர் ஒண்டு எடுங்க தம்பி" என்று
தீர்ப்புச் சொல்லிப் போனார்.

உச்சியில் மூச்சு வாங்கினோம்.
கீழே ஸ்டேஷன் தண்டவாளங்கள்
ஈரத்தில் மின்னின.
"ரெண்டாம் கியர்ல போடு" என்றான் மலித்.
முதலாவது என்றான் துஷாந்தன்.
இரண்டாவதில் போட்டு
இறக்கத்தில் உருட்டிவிட்டோம்.
கிளச்சை விட்டான்.
ஒரு விக்கல். ஒரு தும்மல். புகை.
பிறகு அந்தச் சத்தம்.

கேடிஎம் பக்தன்தான் முதலில் கூவினான்.

மழைக்குள் நின்றபடியே, எஞ்சின் அணையாதபடி
ஹில்மி த்ரொட்டிலை முறுக்கிக்கொண்டிருக்க,
"இது ஜெபலா இருந்திருந்தா..." என்று தொடங்கினான் துஷாந்தன்.
"பற்றரிக்கும் பைக்குக்கும் என்னடா சம்பந்தம்!"
வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது.
என் இடது செருப்பு
அந்நேரம் களனி ஆற்றைத் தேடிப் போயிருக்கும்.

போன் அடித்தது. ஷாபி நானா.
"நாலு பிளேன்டீ, ஆறு ரோல்ஸ்.
எந்த பைக்ல வந்தாலும் பரவால்ல,
சல்லியக் கொண்டு வாங்க."