கணக்கில் சேராத மரம்

"அத்தி பூத்தாற்போல" என்கிறோம்.
உள்ளே பாராதவர் சொன்ன வாக்கு.
அய்தின் மலைச்சரிவில், ஜூன் மாதத்தில்,
பச்சைக் காய் ஒன்றை நகத்தால் பிளந்து பார்:
ஆயிரம் பூ.
ஒன்றுக்கும் வெயில் தெரியாது.
ஒரு தோட்டம் தன்னை உள்வெளியாகப் புரட்டி
வாயைத் தைத்துக்கொண்டிருக்கிறது,
ஊசிமுனைக்கு மட்டும் வழி விட்டு.

நெரிமானுக்குப் பாகத்தில் வந்தது
நாற்பத்தொரு மரம். எல்லாம் பெண்.
தம்பி ஷாகிருக்கு ஆலிவ், கிணறு,
எல்லைக் கல்லைத் தாண்டி நிற்கும்
ஒற்றை ஆண்மரம்.
நிலம் அளக்க வந்தவர் அதை எண்ணவே இல்லை.
வாயில் வைக்க முடியாத காய், விடுங்கள் என்றார்.
நெரிமானுக்குத் தெரியும் அதன் விலை.
ஆனால் அன்று அவள் கிணற்றுக்காகக்
கத்திக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடமாகப் பேச்சில்லை.

ஆகவே விடியுமுன் கெர்மென்ஜிக் சந்தை.
ஆண்காய் கூடை கூடையாக. இலெக் என்பார்கள்.
கைவிளக்கொளியில் ஒன்றைப் பிளக்கிறாள்:
மகரந்தம் மாவாக உதிர வேண்டும்,
குளவி கறுப்பாக அசைய வேண்டும்.
இரண்டும் சரி.
விலைதான் போன வருடத்தைப் போல இரண்டு பங்கு.
அரைக் கூடை வாங்கினாள்.
கோரையில் ஐந்தைந்தாகக் கோத்துக்
கிளைகளில் தொங்கவிட்டாள்.
இருபத்தோரு மரத்தோடு தீர்ந்தது.

ஆண்காய்க்குள் நடப்பது இது.
ஆண் குளவிக்குச் சிறகில்லை.
பிறந்த அறையை விட்டு வெளியேறாது,
இருட்டிலேயே கூடி, இருட்டிலேயே முடியும்.
பெண், எள்ளில் பாதி,
வாசலோரத்து ஆண்பூக்களை உரசிக்கொண்டு வருகிறது,
மேலெல்லாம் மாவு.
ஆயுள் ஒரு பகல். அவ்வளவுதான்.
மணம் பிடித்துப் பறந்து
பெண்காயின் வாசலில் தலையை நுழைக்கும்.
வழி அத்தனை இறுக்கம்,
சிறகுகள் பிய்ந்து வெளியே தங்கிவிடும்.
முட்டையிட வந்தது.
இங்கே பூவுக்குச் சூல்தண்டு நீளம்,
அதன் ஊசிக்கு எட்டாது.
அடுத்த பூ. எட்டாது.
அதற்கடுத்தது.
அலைந்த அலைச்சலில் மாவு உதிர்கிறது,
அவ்வளவுதான் மரத்துக்கு வேண்டியது.
இதை வஞ்சனை என்று சொல்ல வாயெடுத்தேன்.
யாருடைய வஞ்சனை? மரத்துக்கு முகமில்லை.

ஒரு துகள் சூல்முடியில் ஒட்டுகிறது.
ஈரம் குடித்து
மெல்லிய குழாய் ஒன்றைக் கீழே நீட்டுகிறது.
குழாய்க்குள் இரண்டு அணு,
ஒன்றே பிளந்து உண்டானவை.
முன்னும் பின்னுமாக இறங்குகின்றன.
ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும்.
மற்றது
அந்தக் கருவுக்குச் சோறாகும்.
எது எதுவாவது என்று
இறங்கும்போது அவற்றுக்குத் தெரியுமோ என்னவோ.

மிச்சம் இருபது மரம் காத்திருந்தது.
காத்திருக்கும் காய் சில நாள் பார்க்கும்,
பிறகு மஞ்சளாகிச் சுருங்கி விழும்.
நெரிமான் விழுந்ததை எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.
கையில் காசில்லை.
வாயில் ஒரு சொல் இருந்தது, வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை காலை போனபோது
எல்லையோர மரங்களில் கோரைச் சரங்கள்.
அவள் கட்டாதவை.
காய்களிலிருந்து அப்போதுதான்
ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன குளவிகள்.
முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தன.
இந்தச் சரிவில் இடக்கைக்காரன் ஒருத்தன்தான்.

ஒரு சரத்தை அவிழ்த்தாள்.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.
பிறகு அதே கிளையில்
தன் வலக்கை முடிச்சாகக் கட்டிவிட்டு
மற்றவற்றை அப்படியே விட்டாள்.

ஆகஸ்டில் பழம் தானாக விழுந்தது,
பொத் பொத்தென்று, பாதி காய்ந்து.
கடித்தால் நறநறக்கும். அது விதை.
குளவியைப் பழம் எப்போதோ கரைத்துவிட்டது.
பேச்சு இன்னும் இல்லை.
ஷாகிரின் நாய் மட்டும் கல்லைத் தாண்டி வந்து
ஒரு பழத்தை விழுங்கியது,
இன்னொன்றைக் கவ்விக்கொண்டு திரும்பியது,
ஆயிரம் விதையோடு அந்தப் பக்கம்.
தட்டில் பழம் பரப்பிக்கொண்டிருந்தவள்
நிமிர்ந்து பார்த்தாள்.
விரட்டவில்லை.